தனிநாயகம் அடிகளார்: குருவாகப் போன பிள்ளை தமிழோடு திரும்பிய கதை

கோலசிலாங்கூர் – தனிநாயகம் அடிகளார் என்றதும் நம் நாட்டுத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. அடுத்து மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் இந்த இரண்டையும் சொல்லி, கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது பெயரோடு ஒட்டிய அடைமொழியாகவே நின்றுவிடுகிறது.

அந்த அடைமொழிக்காக அவர் ஏழு ஆண்டுகள் குருமடங்களில் இருந்தார். 1931இல் பதினெட்டு வயதில் உள்ளே போனவர் 1938இல் குருப்பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும், எந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னாலும், குருவாகவே போனார். அந்த ஏழு ஆண்டுகளை விட்டுவிட்டால் பிற்காலத்து அடிகளாரைப் பாதிதான் புரிந்துகொள்ள முடியும். இந்த வட்டாரத்தில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் என்று பரந்து கிடக்கும் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் ஒரு பையன் தான் ஃபாதராகப் போவதாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தாத்தா பாட்டி மகிழ்ந்து அழுவார்கள். அப்பா பேசாமல் இருப்பார். மூத்த பிள்ளை என்றால் அடுத்தவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி அடுப்படியிலிருந்து வரும். பிறகு யாராவது ஒருவர், படித்த பையன் தமிழை, இனத்தை எல்லாம் விட்டுவிட்டு இங்கிலீஷ் சாமியாராகிவிடுவானே என்றும் சொல்வார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு அடிகளாரின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அது நேர்வழியில் வந்த பதில் அல்ல.

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியில், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் உள்ள கரம்பொன் என்ற ஊரில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஹென்றி ஸ்தனிஸ்லாஸ் கணபதிப்பிள்ளை, தாய் சிசிலியா இராசம்மா. பெற்றோர் வைத்த பெயர் சேவியர். தந்தையின் பெயரிலேயே ஒரு பக்கம் ஹென்றியும் ஒரு பக்கம் கணபதிப்பிள்ளையும் நிற்பதைப் பாருங்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து கத்தோலிக்கம் வேரூன்றிய மண் அது. அதே சமயம் சைவமும் தமிழும் ஊறிய மண்.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். பத்திரிசியார் கல்லூரி அமலமரித் தியாகிகள் சபைக் குருக்களின் கையில் இருந்த பெரிய ஆங்கிலக் கல்லூரி. அன்றைய ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு எப்படி இருந்தது என்பது நமக்குப் புதிதல்ல. நம் ஊர் மிஷன் பள்ளிகளில் படித்த தாத்தாக்களும் அதே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்தாம். ஆங்கிலமும் இலத்தீனும் முன்வரிசையில் இருக்கும். தமிழ் வீட்டில் பேசும் மொழியாக இருக்கும். சங்க இலக்கியம் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் படிப்பு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் அதே யாழ்ப்பாணத்தில், அதே சபையில், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார். குருவாக இருந்துகொண்டே தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி அகராதி செய்தவர். ஒரு குரு தமிழறிஞராகவும் இருக்க முடியும் என்பதற்கு அந்த ஊரிலேயே ஆள் இருந்தார் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

1931இல் சேவியர் கொழும்பு புனித பெர்னார்டு குருமடத்தில் சேர்ந்தார். மெய்யியல் படித்தார். 1934இல் அங்கிருந்து உரோமைக்குப் போனார்.

குருமடம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதை ஒரு தங்கும் விடுதியோடு கூடிய கல்லூரி என்று நினைக்கிறோம். பாடங்கள் உண்டு, தேர்வுகள் உண்டு, அது சரிதான். ஆனால் அங்கே நடக்கும் முக்கியமான தேர்வு தாளில் எழுதுவது அல்ல. இறையழைத்தல் தனக்கு உண்மையாகவே வந்ததா, அல்லது அம்மாவின் ஆசையா, பங்குத்தந்தையின் பாராட்டா, அங்கியின் மேல் இருக்கும் மோகமா என்று மாணவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சபை இதைத் தேர்ந்து தெளிதல் என்று சொல்கிறது. அது ஒருவழிப் பாதையும் அல்ல. மாணவர் தன்னைச் சோதிப்பது போலவே குருமட அதிபரும் ஆயரும் மாணவரைச் சோதிக்கிறார்கள். எனக்கு அழைத்தல் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் போதாது. திருச்சபை அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நடுவில் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அவர்களை ஓடி வந்துவிட்டவர் என்று சொல்லிவிடுகிறோம். அது தப்பான பேச்சு. தெளிந்து வெளியே வருவதும் குருமடம் செய்கிற வேலைதான்.

அக்காலத்தில் படிகள் நிறைய. மெய்யியல் முடிந்து இறையியல் நான்கு ஆண்டு. முதலில் தலைமுடியைச் சிறிதளவு கத்தரிக்கும் சடங்கு. அதன் வழியாக இளைஞர் குருத்துவ நிலைக்குள் ஒரு காலை வைக்கிறார். பிறகு நான்கு சிறு பட்டங்கள். அதுவரை எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், ஒரு தடையும் இல்லை. அடுத்து வருவதுதான் வாசல். துணைத் திருத்தொண்டர் பட்டம். 1972இல் திருச்சபை இந்தப் பட்டத்தை எடுத்துவிட்டது, ஆனால் அடிகளார் காலத்தில் மணவாழ்வு இல்லை என்ற கட்டும், நாள்தோறும் திருப்புகழ்மாலை சொல்லும் கடமையும் இந்தப் படியில்தான் ஆளைப் பிடித்தன. சடங்கின் தொடக்கத்தில் ஆயர், இதுவரை நீங்கள் கட்டற்றவர்கள், இனி அப்படி இல்லை, நன்றாக எண்ணிப் பாருங்கள் என்ற பொருளில் எச்சரிப்பார். உறுதியோடு இருப்பவர்கள் ஒரே ஒரு அடி முன்னே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வாய்ச்சொல் தேவையில்லை. ஓர் அடிதான்.

இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத தீவுப் பையன், கடல் கடந்த ஊரில், அந்த ஓரடியை எடுத்து வைத்தார். அதற்குப் பின் திருத்தொண்டர். அதன் பின் 1938 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று உரோமையில் குருப்பட்டம். அடுத்த ஆண்டு இறையியலில் முனைவர் பட்டம். மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்த புனித சிப்ரியான் காலத்துக் குருக்களைப் பற்றியது அவரது ஆய்வு. குருவாகப் போகும் இளைஞர் குருக்களைப் பற்றியே ஆராய்ந்திருக்கிறார். உரோமைப் பேரரசு கிறிஸ்தவர்களை நசுக்கிய காலத்தில் யார் நிலைத்து நின்றார்கள், யார் விழுந்தார்கள், விழுந்தவர்களைச் சபை எப்படி மீண்டும் சேர்த்துக்கொண்டது என்பதெல்லாம் சிப்ரியான் காலத்துப் பெரிய சிக்கல்கள். தெளிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது வெறும் பட்டத் தலைப்பாக மட்டும் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் படித்த இடம் உர்பான் கல்லூரி. திருத்தந்தை எட்டாம் உர்பான் 1627இல் தொடங்கியது. மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் மாணவர்களுக்கென்றே ஏற்பட்டது. ஜனிக்கோலோ என்ற குன்றின் மேல் இருக்கிறது; புனித பேதுரு பேராலயம் பக்கத்திலேயே. சீனர், ஆப்பிரிக்கர், அரபு நாட்டவர், இந்தியர் என்று ஒரே சாப்பாட்டு அறையில் உட்காருவார்கள். பாடம் இலத்தீனில். தெரு மொழி இத்தாலியம். அந்தக் கல்லூரிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மூன்று அரசர்கள் திருநாளை ஒட்டி மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் மேடையேறிச் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. சொந்த ஊரில் இருக்கும்போது தாய்மொழி காற்று மாதிரி, யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. உலகத்து மொழிகள் எல்லாம் கூடும் ஒரு முற்றத்தில், உன் மொழி என்ன, அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒருவரை ஒருவர் கேட்கும் இடத்தில், கையில் இருப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டி வரும். உரோமையில் இருந்தபோது தமிழ் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் அமைத்தார் சேவியர். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி செய்தவர். தமிழ்நாட்டுக்கு வந்து தமிழரான இத்தாலியரின் பெயரை, இத்தாலிக்குப் போய்த் தமிழைத் தேடத் தொடங்கிய தமிழர் எடுத்துக்கொண்டார்.

அக்காலத்து உரோமையின் நிலையும் நினைவில் இருக்க வேண்டும். முசோலினியின் ஆட்சி. 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. வெள்ளை இனத்தின் பெருமை வெளியே தெருவில் முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, திருச்சபையில், வேறு திசையில் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையையும் அந்த நாட்டுக் குருக்களும் ஆயர்களுமே நடத்த வேண்டும் என்று 1919இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் திருத்தூது மடல் எழுதியிருந்தார். அவருக்குப் பின் வந்த பதினோராம் பத்திநாதர் 1926இல் ஆறு சீனர்களைத் தாமே ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். அதற்கும் மூன்று ஆண்டு முன்பே, 1923இல், தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குத் திபூர்சியஸ் ரோச் என்ற தமிழர் ஆயரானார். இலத்தீன் முறையைச் சேர்ந்த இந்தியத் திருச்சபையில் இக்காலத்தின் முதல் இந்திய ஆயர் அவர்தான்.

சேவியர் அடிகள் திரும்பி வந்து பணி தொடங்கியது அந்தத் தூத்துக்குடி மறைமாவட்டத்தில். பிறந்த யாழ்ப்பாணத்தில் அல்ல.

1940இல் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். உரோமையில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஒரு கிராமப் பள்ளிக்கூட வேலை. வடக்கன்குளம் சாதாரண கிராமம் இல்லைதான். பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். சாதி பார்த்து மக்களைப் பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே தடுப்புச் சுவர் இருந்ததும், 1910இல் கவுசானல் என்ற இயேசு சபைக் குரு அதை இடித்ததும், வழக்கு நீதிமன்றம் வரை போனதும் அதே ஊரில்தான். சிப்ரியான் காலத்துப் பிளவுகளை ஏட்டில் படித்தவர், தன் இனத்துப் பிளவுகளின் தழும்பு இருந்த கோயிலில் திருப்பலி நிறைவேற்றினார்.

அங்கே அவருக்கு ஒன்று விளங்கிற்று. ஏழெட்டு ஐரோப்பிய மொழிகளில் புழங்கத் தெரிந்த அவருக்குத் தம் சொந்த இலக்கியத்தைப் படிக்கத் தெரியவில்லை. வடக்கன்குளத்தில் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் போய், நான்கு ஆண்டுக் காலம் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். இருபத்தேழு வயதுக் கத்தோலிக்கக் குரு, உரோமையில் பெற்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் ஐயர் முன்னால் மாணவராக உட்கார்ந்தார். அடிகளாரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மாநாட்டு மேடைகளைவிட இந்தத் திண்ணைப் பாடம் பெரிது என்பேன்.

பெயரும் அப்போது மாறியது. தந்தை வழி முன்னோர் நெடுந்தீவைச் சேர்ந்த தனிநாயக முதலி மரபினர் என்பதால் தனிநாயகம் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். சேவியரை விட்டுவிடவில்லை. சேவியர் தனிநாயகம் என்றே கடைசிவரை கையொப்பமிட்டார். திருமுழுக்குப் பெயரும் குலப்பெயரும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் அருகருகே நின்றன.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலையில் சேர்ந்தார். குருத்துவம் பெறும்போது ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த ஒருவர், தம் விருப்பத்துக்குப் பல்கலைக்கழகம் போய்விட முடியாது. ஆயரின் இசைவு வேண்டும். தூத்துக்குடியில் அது கிடைத்தது. முதுகலை முடிந்ததும் சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆராய்ந்து 1949இல் எம்.லிட். பட்டம் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற நிலப் பகுப்பை உலக இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் அவர் எழுதியதைத் தமிழ் படித்த எவரும் தாண்டிப் போக முடியாது. கிரேக்கமும் இலத்தீனும் படித்தவர் என்பதால்தான் அந்த ஒப்பீடு அவருக்குக் கை வந்தது. குருமடம் கொடுத்த மொழிகள் இங்கே வந்து வேலை செய்தன.

அவரது அழைத்தல் இரண்டாகப் பிளந்துவிட்டது, குருத்துவம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று சிலர் பேசுவதுண்டு. ஞாயிறு மறையுரையைவிடத் திருக்குறளும் புறநானூறும் அவரை இழுத்துக்கொண்டன என்று குறையாகவும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பங்கில் பத்து ஆண்டு இருந்து திருமணமும் அடக்கமும் செய்துவைக்கும் குருவின் வாழ்க்கை அவருக்கு அமையவில்லை, உண்மை. அதை இழப்பு என்றும் சொல்லலாம். ஆனால் குருத்துவம் என்பது பங்குப் பணி மட்டும் என்று திருச்சபை என்றும் சொன்னதில்லை. கற்பிக்கும் குருக்கள், ஆராயும் குருக்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இருபதுகளில் அந்த ஓரடியை எடுத்து வைத்தபோது, பின்னால் தமிழ் வந்து இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. தெளிவு ஒரே நாளில் முழுதாக வருவதில்லை போலும். பட்டம் பெற்ற பிறகும் அது வந்துகொண்டே இருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர் ஆனார். இலண்டனில் இன்னொரு முனைவர் பட்டம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழரின் மொழி உரிமைக்காக எழுதினார், பேசினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் அழைத்தது.

அவர் பொறுப்பேற்ற துறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி குரல் கொடுத்தார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டப் பாட்டாளிகளும் அதில் காசு போட்டார்கள். பால் வெட்டும் கைகள் கொடுத்த காசுக்கு உரிய மதிப்பை அந்தத் துறைக்குத் தேடித் தந்தவர்களில் அடிகளார் முதன்மையானவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வேலை இழந்து வெளியேறிய காலமும் அதுதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964 சனவரியில் புதுடில்லியில் நடந்த கீழைத்தேய அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சைச் சேர்ந்த ழான் ஃபிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். இரண்டு ஆண்டுகளில், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் மாநாடு கோலாலம்பூரில். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்திருந்தது. இலத்தீனில் மட்டும் இருந்த திருப்பலி நம் கோயில்களில் தமிழுக்கு மாறத் தொடங்கிய ஆண்டுகள் அவை. இலத்தீனில் குருப்பட்டம் பெற்றவர் தமிழில் திருப்பலி நிறைவேற்றும் நாளும் வந்தது.

அதே 1966இல் கோலாலம்பூரில் இன்னொரு காரியமும் நடந்தது. இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான, அந்தாவோ தெ புரோவென்சா என்ற இயேசு சபைக் குருவின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதி. உலகில் அதன் படி இருப்பதே தெரியாமல் கிடந்தது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை ஐம்பதுகளில் அடிகளார் கண்டெடுத்தார். குருமாணவராக அவர் வாழ்ந்த குன்றிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த நூலகம் அது. அன்று அவருக்கு அதைத் தேடத் தெரியாது, ஏனென்றால் வடக்கன்குளம் இன்னும் நடக்கவில்லை. அந்த அகராதியை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மறுபதிப்பாக வெளியிட்டது. உரோமையில் கிடைத்த தமிழ்ச் சொற்கள் நம் ஊரில் அச்சேறின.

இன்று நம் நாட்டில் குருவாக விரும்பும் இளைஞர் போகும் பினாங்கு காலேஜ் ஜெனரல், 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி, 1808 முதல் பினாங்கில் நிலைத்தது. பல இனத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் இடம். பாடமொழி ஆங்கிலம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு அங்கே போகிறவருக்கும், மொழிகள் கூடும் அந்த முற்றத்தில் தன் மொழியில் தனக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி வந்தே தீரும். அங்கே போகும் பையனுக்கு வழியனுப்பும்போது செபமாலையோடு ஒரு சங்க இலக்கிய நூலையும் பெட்டியில் வைக்கலாம்.

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். சென்னை, பாரிஸ் மாநாடுகளுக்குப் பிறகு நான்காவது மாநாடு 1974 சனவரியில் அவரது யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. இறுதி நாளான 10ஆம் தேதி இரவு போலீசார் கூட்டத்தைக் கலைக்கப்போய், மின்கம்பி அறுந்து விழுந்து மக்கள் உயிரிழந்தனர். தாம் தொடங்கிய தமிழ் மாநாடு சொந்த மண்ணில் சாவில் முடிந்ததைப் பார்க்கும் துயரம் அந்த முதிய குருவுக்கு வாய்த்தது.

1980இல் தந்தை செல்வா நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். தமிழாய்வு கடந்து வந்த வழியும் இனிப் போக வேண்டிய வழியும்தான் பொருள். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 67. குருவாகி 42 ஆண்டுகள்.